எங்கள் ஆபீஸ் பி.டபிள்யூ.டி.

அவர் ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை நான் ஒரே வரியில் அழித்தேன். இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் அந்த வரியில் பன்னிரண்டு எழுத்துகள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த ஆபீஸில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும், ஆபீஸைக் காப்பாற்றியவள் நான்தான் என்று சொல்வார்கள். கேக் கூட வெட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு அந்தக் கேக்கைத் தின்றேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல முடியாமல் பதினோரு நாள் திண்டாடினேன்.

பிரேசர் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. இன்ஜினியர்கள் கொண்டுவரும் வீட்டு பிளான்களை ஸ்கேன் செய்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்போம். வேலை அவ்வளவுதான். எல்லாம் ஒரு மூலையில் நின்ற பெரிய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதில் மவுஸுக்கு வேலை கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து அடித்தால்தான் எதுவும் நடக்கும். அந்த மூலைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முகத்தில் எப்போதும் இப்போதுதான் தூங்கி எழுந்த ஒரு சந்தேகம்.

கறுப்புத் திரையில் pwd என்று ஒரு கட்டளை உண்டு. நீ இப்போது எந்த டைரக்டரிக்குள் நிற்கிறாய் என்று அது சொல்லும். டைரக்டரி என்றால் ஃபைல்களைப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி. மற்றவர்கள் சந்தேகம் வந்தால் அடிப்பார்கள். அவர் ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் அடிப்பார். அடிக்கும்போது வாய்விட்டு, "பி.டபிள்யூ.டி., எங்க இருக்கோம்?" என்று கேட்டுக்கொள்வார். பதில் வந்ததும், "சரி, இங்கதான் இருக்கோம்" என்பார். ஐந்து நொடிக்கு முன்னால்தான் கேட்டிருப்பார். அங்கிருந்து நாற்காலியைக்கூட நகர்த்தியிருக்க மாட்டார்.

நிற்கும் இடத்தைத் திரையே ஒவ்வொரு வரியிலும் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருக்கும். அவர் அதை வேலை மெனக்கெட்டு எடுத்துவிட்டிருந்தார். வெறும் டாலர் குறி ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

"ஏண்ணா இப்படி?" என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"அது தானா சொல்லிட்டே இருந்தா நாம கேக்க மறந்துடுவோம் சிஸ்டர். கேக்கற பழக்கம் போயிடக் கூடாது பாருங்க."

அதற்குள் அவர் அடுத்த pwd-ஐ அடித்திருந்தார்.

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு அது உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. வீட்டிலிருந்து போன் வந்தால் ஹலோ சொல்ல மாட்டார். "மாடிப்படியில கீழ இருந்து மூணாவது படியில இருக்கேன், சொல்லு" என்பார். அவர் மனைவியும் பழகிப்போய், "கிச்சன்ல இருக்கேன், பால் வாங்கிட்டு வாங்க" என்று சொல்வாராம். லிங்கராஜபுரத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்டக்டரிடம் எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்பார். ஒரு நாள் கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லி இளீபேக்கு சார் நிமகே?" என்று கத்தினார். எங்கேதான் இறங்க வேண்டும் உங்களுக்கு என்று அர்த்தம்.

அவர் கோபப்படாமல் கன்னடத்திலேயே பதில் சொன்னார். இறங்குகிற இடம் எனக்கு நன்றாகத் தெரியும், இருக்கிற இடம்தான் தெரியவில்லை என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ என்பது போல உட்கார்ந்துகொண்டேன்.

பேக்கரிக்காரர் மாடியிலிருந்து நாள் முழுக்கக் கேட்கும் சத்தத்தை வைத்து அவருக்குப் பி.டபிள்யூ.டி. என்று பெயர் வைத்தார். அது தெருவெல்லாம் பரவியது. எங்களுக்கு அது கம்ப்யூட்டர் கட்டளை. ஊருக்கு அது பொதுப்பணித் துறை. அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பி ஆட்கள் படியேற ஆரம்பித்தார்கள்.

அவர் தெருவிலிருந்தே ஒரு அம்மாள் வந்தார். சாக்கடை மேல் மூடியிருந்த கல்பலகை உடைந்து பள்ளமாகக் கிடக்கும் போட்டோவைச் செல்போனில் காட்டினார்.

"அம்மா, நான் அந்தப் பி.டபிள்யூ.டி. இல்லீங்க. இது வேற" என்றார் அவர்.

"எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க. அந்த டிபார்ட்மென்ட் வேற, இந்த டிபார்ட்மென்ட் வேறன்னு. நான் எத்தனை பேர்கிட்ட போறது? என் வீட்டுக்காரர் போன வாரம் அதுல காலை விட்டுட்டார்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. பேனாவை எடுத்தார். "பள்ளம் எங்க இருக்கு? முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். அந்த அம்மாள் தெருப் பெயரைச் சொன்னார். "அதுக்கு மேல?" ஏரியாவைச் சொன்னார். "அதுக்கும் மேல?" பெங்களூரு. "அதுக்கும் மேல?" அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கர்நாடகா, இந்தியா என்று சொல்லி முடித்தார். அவர் அதையெல்லாம் மேலிருந்து கீழாக, நடுவில் சாய்ந்த கோடு போட்டு, கம்ப்யூட்டர் விலாசம் போல எழுதினார். இந்தியாவில் தொடங்கி, மூன்றாவது வீட்டுக் கேட்டிலிருந்து இடது பக்கம் நாலடி என்று முடிந்தது அது. அதை ஒரு கடிதமாக்கி, எந்த ஆபீஸுக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்பினார்.

நாலாம் நாள் புதுப் பலகை போட்டுவிட்டார்கள். எப்படியும் போடுவதாக இருந்தார்களோ என்னவோ. அதற்குப் பிறகு அவர் பி.டபிள்யூ.டி. இல்லை என்று யார் சொன்னாலும் யாரும் நம்பவில்லை. சனிக்கிழமைகளில் மாடிப்படியில் வரிசை நின்றது. பேக்கரிக்காரருக்கு டீ வியாபாரம் கூடியது.

அவருடைய இன்னொரு கிறுக்கைச் சொல்ல வேண்டும். ஒரு டைரக்டரியை நீக்க இரண்டு வழி உண்டு. rm -r என்று அடித்தால் உள்ளே என்ன இருந்தாலும் அடியோடு போய்விடும். rmdir என்று அடித்தால், உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் போகும். ஏதாவது இருந்தால், 'டைரக்டரி காலியாக இல்லை' என்று மறுத்துவிடும். அவர் rmdir தவிர வேறு எதையும் தொட மாட்டார். "பாருங்க சிஸ்டர், உள்ள ஆள் இருக்குன்னா கம்ப்யூட்டருக்கே மனசு வரலை. நமக்கு எப்படி வரும்?" என்பார். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டுத்தான் டைரக்டரியை நீக்குவார். டிபன் பாக்ஸையும் அப்படித்தான். கடைசிக் கறிவேப்பிலையை மூடிக்கு மாற்றிவிட்டுத்தான் பாக்ஸைக் கழுவக் கொண்டுபோவார்.

ஆபீஸை விட்டு யாராவது போனால் அவர்கள் பெயரில் இருக்கும் டைரக்டரியை அன்றே நீக்கிவிட வேண்டும் என்பது ஓனர் உத்தரவு. ஒரு தடவை, வேலையை விட்டுப் போன ஒருவருடைய டைரக்டரி பார்க்கக் காலியாக இருந்தது. ஆனால் rmdir மறுத்தது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் ஃபைல் கண்ணில் படாது. அப்படி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தார். அதன் பெயர் 'ராஜினாமா கடிதம், ஏழாவது முறை எழுதியது'.

"படிச்சீங்களாண்ணா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"சே சே. எங்க இருக்குன்னு மட்டும் பார்த்தேன்."

மூன்று மாதம் கழித்து அந்த ஆள் போன் செய்தார். சேர்ந்த இடமும் சரியில்லையாம்; அந்தக் கடிதம் கிடைக்குமா என்று கேட்டார். அவர் அரை நிமிடத்தில் அனுப்பிவைத்தார். எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்படி மாதத்துக்கு ஒரு போனாவது வரும். யாருக்கோ மகளின் பள்ளிக்கூட டிராயிங், யாருக்கோ சர்ச் கோயர் பாட்டு வரிகள், யாருக்கோ பாதியில் விட்ட கவிதை. எல்லாம் அவரிடம் இருந்தன. போனவர்கள் சாமானையெல்லாம் அவர் வெளியே எடுத்தாரே தவிர எறியவில்லை. தன்னுடைய டைரக்டரிக்குள் ஒரு டைரக்டரி போட்டு, அதற்கு palaya என்று பெயர் வைத்து, ஒன்பது வருடமாக அதற்குள் போட்டுக்கொண்டிருந்தார். பழைய என்பதைத்தான் அப்படி ஆங்கில எழுத்தில் வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் லீவு. கோலார் பக்கம் மச்சினன் கல்யாணம். காலையில் ஸ்கேனர், இடம் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. திங்கட்கிழமை ஒரு பெரிய இன்ஜினியர் வருகிறார். எங்கள் வேலையில் பாதி அவரிடமிருந்துதான் வருகிறது. ஓனர் வியர்த்துப்போய் என் மேஜைக்கு வந்தார். சுவரில் பிளான் டைரக்டரிகளின் பட்டியல் ஒட்டியிருக்கும். அதில் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இங்க பாரும்மா. palaya. பழசையெல்லாம் கட்டி வெச்சிருக்கான். இடம் எங்கிருந்து வரும்? தூக்கும்மா இதை."

எனக்கும் அது பழைய என்றுதான் பட்டது. மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் பாதிச் சண்டை கன்னடத்தில்தான் நடக்கும். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த டைரக்டரியை உண்டாக்கியவள் எனக்கு முன்னால் வேலை பார்த்த கன்னடப் பெண். அவள் எழுதியது பாளையா, நம் பாளையம்தான். ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பாளையாவில்தான் விழ வேண்டும். அப்படி ஒரு பாளையாவின் வீட்டு பிளான்கள் மொத்தமும் அதற்குள் இருந்தன.

கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று நான் அவருக்குப் போன் போட்டேன். பின்னால் பேண்டு வாத்தியம் முழங்கியது.

"சிஸ்டர், நான் பந்தியில, ரெண்டாவது வரிசையில நாலாவது இலையில இருக்கேன், சொல்லுங்க."

"அண்ணா, palaya வேணுமா வேண்டாமா?"

"பாயசமா? இன்னும் வரலை சிஸ்டர்."

லைன் போய்விட்டது. ஓனர் மேஜை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கிழித்தார். அவசரத்துக்கு என்று லீவில் போனவர் எழுதிக் கொடுத்திருந்த பாஸ்வேர்டு அதில் இருந்தது. அதற்குக் கீழே, 'உள்ளே போனதும் முதலில் எங்கே இருக்கிறோம் என்று கேட்கவும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். "இவருக்கு வேற வேலையே இல்லை" என்று சொல்லிவிட்டு நான் அந்தக் காகிதத்தைத் தள்ளிவைத்தேன்.

அவர் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனால் முதலில் அவருடைய சொந்த டைரக்டரியில்தான் போய் நிற்போம். அதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வீடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு, பிளான்கள் இருக்கிற இடத்தில் நிற்பதாக நினைத்தேன். திரையில் வெறும் டாலர் குறி. பன்னிரண்டு எழுத்தை அடித்தேன். அது வேலையை முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. முடித்ததும் ஒன்றுமே சொல்லவில்லை. தப்பு நடந்தால்தான் அது வாயைத் திறக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன். பாதி இடம் காலியாகியிருந்தது. ஓனர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை இன்ஜினியர் வந்து உட்கார்ந்ததும், "பாளையா பிளான்ஸ் கொடி" என்று கன்னடத்தில் கேட்டார்.

"எதுங்க சார்?" என்றார் ஓனர்.

"பாளையா. பாளையா."

ஓனர் சுவரைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் கன்னடம் வந்தது. ஓனர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் மட்டும் எதுவும் தெரியாமல், கல்யாண வீட்டு மைசூர்பாகு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "பி.டபிள்யூ.டி., எங்க இருக்கோம்?" என்று ஆரம்பித்தார். பிளான் டைரக்டரிக்குள் போனார். palaya-வைத் திறந்தார். அத்தனை பிளானும் அப்படியே இருந்தன.

இன்ஜினியர் வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார். ஓனர் என்னிடம் வந்து, "அப்ப நீ எதைத்தாம்மா தூக்கினே?" என்று ரகசியமாகக் கேட்டார். அதற்குள் மூலையில் அவர் தன்னுடைய டைரக்டரிக்குப் போயிருந்தார். பட்டியலைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் கேட்டார். நாலாவது தடவை கேட்கும்போது அவருக்குச் சத்தம் வரவில்லை.

"என் palaya-வைக் காணோம் சார்" என்றார்.

"அதுல என்ன இருந்துச்சுப்பா?"

"பழசுதான் சார். போனவங்க சாமான்."

"அவ்வளவுதானே!" ஓனருக்கு உயிர் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே! பிளானை விட்டுட்டு, வேண்டாத palaya-வைப் பார்த்து எடுத்திருக்கே! இந்தப் பொண்ணுக்குத்தான்பா மூளை!"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. எங்கே நிற்கிறேன் என்றே தெரியாமல் அடித்தேன், தெரிந்து அடித்திருந்தால் இன்று நம் கடையை மூடியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை கிடைக்காமல் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் நான். சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தலையை ஆட்டினேன். கீழேயிருந்து கேக் வந்தது. அவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். எனக்கு மைசூர்பாகு கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். பஸ்ஸில் எப்போதும்போலப் பேசினார். வேண்டாத பொருள் என்று நான் தெரிந்தே வீசியெறிந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதை மனசுக்குள் ஒப்புக்கொண்டும்விட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். மேம்பாலத்துக்குக் கீழே பஸ் திரும்பும்போது வாய் வரைக்கும் வரும். கண்டக்டரிடம் அவர் எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்பார். எனக்கு அடங்கிவிடும்.

இன்றைக்கு, இதைச் சொல்லும்போது, அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் என்று கேள்வி. இப்படி மொட்டையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

பதினோராம் நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அவருக்குப் போன் வந்தது. "மூலையில, ஜன்னல் பக்கம் இருக்கேன், சொல்லுங்கம்மா" என்றார். முன்பு எங்கள் ஆபீஸில் ஸ்கேனிங் பார்த்த ஓர் அம்மா. போனில் பேசினால் பக்கத்துக் கட்டடம் வரை கேட்கும் குரல்.

"பையனுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சில முதல் நன்மை சார்! ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கணும். அவன் ஞானஸ்நானம் எடுத்த போட்டோ ஒண்ணே ஒண்ணு, அங்க என் பேர்ல வெச்சிருந்தேனே, அதை அனுப்புங்க சார். என் போன் தொலைஞ்சு போச்சு. உங்ககிட்ட இருக்குன்னுதான் நிம்மதியா இருந்தேன். ஃபிளெக்ஸ் கடையில நிக்கறேன், இப்பவே அனுப்புங்க!"

அவர் திரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஓனர் அழித்தார் என்று சொல்லியிருக்கலாம். நான் அழித்தேன் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று ஊரே சொல்கிறதைச் சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா. அழிஞ்சு போச்சு" என்றார். "நான்தான் அழிச்சேன்."

அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டது. உங்களை நம்பினேனே, எத்தனை வருஷமா நம்பினேனே, ஒரு பச்சைக் குழந்தை போட்டோவைப் போய் எப்படி சார் அழிக்க மனசு வந்துச்சு, கண்ணு தெரியாதா உங்களுக்கு என்று அந்த அம்மா திட்டினார். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிக்கூட வைக்கவில்லை. ஆமாம்மா, ஆமாம்மா என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் அழிச்சீங்க? நீங்களா?"

"நான் எங்க இருக்கேன்னு பார்க்கலைம்மா" என்றார். "பார்க்காம அடிச்சுட்டேன்."

அவர் காது சிவந்துபோயிருந்தது. அப்படி ஒன்றை அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட, திருடினேன் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது நான் சொல்ல வேண்டிய வாக்கியம். நான் என்ன செய்தேன் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

நான் எழுந்து ஓடிப்போய் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "அம்மா, அது நான்தாம்மா! எங்க இருக்கேன்னே பார்க்காம நான்தான் அடிச்சேன், அண்ணா மேல ஒரு தப்பும் இல்லை, அவர் ஊர்லயே இல்லை" என்று மூச்சுவிடாமல் கத்தினேன். ஓனர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். போனில் ஒரு சத்தமும் இல்லை.

"சிஸ்டர்" என்றார் அவர் மெதுவாக. "அந்தம்மா அப்பவே கட் பண்ணிட்டாங்க."

"தெரியும்ணா" என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவரைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடியும் முழுக்கச் சொன்னேன்.